பிள்ளையை மலையில் விளையாட விடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் எங்கள் லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் ஒரு கான் ஓடுகிறது. மழைத் தண்ணீர் வடிவதற்காக வெட்டிய சாதாரணக் கான்தான். முழங்கால் ஆழம் இருக்கும். அதன் குறுக்கே யாரோ ஒரு சவுக்குக் கட்டையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு வயதான என் மகள் போன தை மாதம் முதன்முதலில் அந்தக் கட்டையில் ஏறினாள். ஏறினாள் என்று சொல்வதைவிட, உட்கார்ந்தாள் என்று சொல்லலாம். குதிரையில் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எழுந்து நின்று பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தாள். நான்காம் நாள் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, பாவாடை முழுக்கச் சேறு. ஒரு வாரம் முடிவதற்குள் கையில் பிஸ்கட்டோடு கட்டையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மாயிதான் பின்கதவில் நின்று, “ஏய், பாத்து பாத்து! விழுந்துருவ!” என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் செய்தது இவ்வளவுதான்: முதல் நாளே அந்தக் கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் உளுத்திருக்கிறதா, ஆணி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கானுக்குள் உடைந்த போத்தல் கிடக்கிறதா என்று பார்த்தேன். போத்தல் கிடந்தது, எடுத்துப் போட்டேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கட்டையைப் புரட்டுவது சுலபம். வாயை மூடுவதற்குத்தான் எனக்கு வருடக்கணக்காகப் பழக வேண்டியிருந்தது.

துணிச்சல் விளையாட்டு என்றால் என்ன

நோர்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர், முன்பள்ளிப் பிள்ளைகளோடு நேரம் செலவிட்டு, அவர்கள் தேடிப் போகும் துணிச்சலான விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரத்தில் ஏறுவது, வேகமாகப் போவது, கத்தி போன்ற கருவிகளைக் கையாள்வது, நெருப்பு, தண்ணீர், செங்குத்தான சரிவு போன்றவற்றின் அருகில் விளையாடுவது, கட்டிப் புரண்டு சண்டை போடுவது, பெரியவர்களின் கண்ணில் படாமல் தனியாகச் சுற்றுவது. இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். நம் தோட்டத்துப் பிள்ளையின் சனிக்கிழமைக்கு வேறு என்ன பெயர்?

ஆனால் அந்தச் சனிக்கிழமை இப்போது சுருங்கிவிட்டது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் ஆண்டிலேயே டியூசன் தொடங்குகிறது. மிச்ச நேரத்தை போன் எடுத்துக்கொள்கிறது. மலை அதே இடத்தில்தான் இருக்கிறது, அதில் ஏறுவதற்குப் பிள்ளைகளைத்தான் காணோம்.

உள்ளே என்ன நடக்கிறது

கட்டையின் நடுவில் நிற்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். உதட்டைக் கடித்திருக்கும். கண் அடுத்த அடி வைக்கும் இடத்தில் நிற்கும். கை இரண்டும் விரிந்திருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பிலிருந்தும் தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் செய்திகளை மூளை ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. சமதளத் தரையில் ஓடினால் இவ்வளவு வேலை நடக்காது. கரடுமுரடான சரிவில் ஓடும் பிள்ளைக்கு ஒவ்வொரு அடியும் வேறுவேறு கணக்கு.

உடம்பைவிட மனதில் நடப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பயம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஆனால் பிள்ளை ஓடிவிடாமல் அதோடு கொஞ்ச நேரம் நிற்கிறது, கடக்கிறது, பயம் இறங்குகிறது. இப்படிப் பலமுறை நடந்தால், படபடப்பு வரும், அப்புறம் போய்விடும் என்பதைப் பிள்ளையின் உடம்பே கற்றுக்கொள்கிறது. சான்ட்செட்டரும் அவருடைய சகாவும் 2011இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் முன்வைத்தார்கள்: வயதுக்கேற்ற பயங்களைப் பிள்ளைகள் விளையாட்டு வழியாகவே கடக்கிறார்கள், அந்த வாய்ப்பை அடைத்துவிட்டால் பயம் தங்கிவிடலாம் என்று.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் விழுந்து காயப்பட்டவர்களுக்குப் பதினெட்டு வயதில் உயரத்தைக் கண்டு பயம் அதிகமா என்று பார்த்தார்கள். அதிகமில்லை, உண்மையில் குறைவாகத்தான் இருந்தது. விழுந்ததால் பயம் போனதா, இல்லை பயமில்லாத பிள்ளைதான் ஏறி விழுந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் “ஒருக்கா விழுந்தா காலம் பூரா பயந்துரும்” என்று நம் வீடுகளில் சொல்வது அவ்வளவு சரியில்லை என்பதற்கு அது போதும்.

கனடாவில் மரியானா புருசோனியும் அவரது குழுவினரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளியிட்ட மீளாய்வு, மொத்தத்தில் இத்தகைய விளையாட்டு பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் கூடிப் பழகும் திறனுக்கும் நல்லது என்றது. 2024இல் கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் இதை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, வேலி போட்ட பூங்காவும் ரப்பர் தரையும் உள்ள நாடுகளில் செய்தவை. அங்கே பிரச்சினை பாதுகாப்பு கூடிப்போனது. நமக்கோ ஒரு பக்கம் டியூசனும் போனும், இன்னொரு பக்கம் குளவிக்கூடும் மண்சரிவும். அவர்களுடைய அறிவுரையை அப்படியே எடுத்து நம் மலையில் விட முடியாது. அதனால்தான் கீழே உள்ள வரிசை.

முதல் படி: தெரியும் ஆபத்தையும் தெரியாத ஆபத்தையும் பிரியுங்கள்

கொய்யா மரம் உயரம் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஏறுவதா வேண்டாமா, எந்தக் கிளை வரை என்று அதுவே கணக்குப் போடலாம். ஆனால் கிளைக்குள் உளுத்திருப்பது, இலைக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருப்பது, நேற்று மாலை அந்த மலைக்கு மருந்து அடித்தது இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாது. தெரியும் ஆபத்தைப் பிள்ளையிடம் விடுங்கள். தெரியாததை நீங்கள் அகற்றுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒரு இடத்தில் தடுமாறினால் “இது பிள்ளையால் பார்த்துக் கணக்குப் போடக்கூடியதா?” என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கணக்கே வேண்டாத சில இடங்களும் உண்டு. ரயில் பாதை. காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களின் கரை. கொழுந்து லொறி போகும் ரோடு. அறுந்து தொங்கும் கரண்ட் வயர். இங்கே பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாவற்றுக்கும் “வேண்டாம்” சொல்லும் அம்மாவின் “வேண்டாம்” பிள்ளையின் காதில் ஏறாது. வருடத்தில் நான்கு தடவை மட்டும் சொன்னால் ஏறும்.

இரண்டாம் படி: பிள்ளை இல்லாமல் ஒரு சுற்று வாருங்கள்

இதைக் காலையில் செய்யுங்கள், குனிந்து செய்யுங்கள். தேயிலைச் செடி நமக்கு இடுப்பளவுதான். பிள்ளைக்கு அது கூரை. அதன் அடியில் பாசி படிந்த முண்டுகளும் காய்ந்த சருகும், வளைந்து வளைந்து போகும் ஒரு சுரங்கமும் இருக்கிறது. ஒளிந்து விளையாடும்போது பிள்ளை பார்க்கும் உலகம் அதுதான். நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து எட்டிப் பாருங்கள். நான் பார்த்தபோது ஒரு பழைய பிளேடு, இரண்டு சம்பூ பைக்கற்று, கம்பியில் கட்டிய சுருக்கு ஒன்று கண்ணில் பட்டன. பன்றிக்கு யாரோ வைத்தது. நின்றுகொண்டு பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாகச் சீவிவிட்ட மலையை அந்த வருடம் விளையாட்டுக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். சீவிய கிளை முனைகள் ஈட்டி மாதிரி நிற்கும், விழுந்தால் கண்ணோடு போகும். மரக்கறித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் மருந்துப் போத்தல்களை எங்கே வீசுகிறார்கள் என்று பாருங்கள். மருந்து அடிக்கும் நாளைக் கங்காணியிடமோ தோட்டக்காரரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளவிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நம் மலைகளில் கொழுந்து எடுப்பவர்களையே ஒஸ்பத்திரிக்கு அனுப்புவது அதுதான். உயரமான மரங்கள், பாறை இடுக்குகள், கானின் ஓரப் பொந்துகள் எல்லாவற்றையும் அண்ணாந்தும் குனிந்தும் பாருங்கள். பிள்ளைக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தால் போதும்: கூட்டுக்குக் கல் எறியக்கூடாது, கலைந்து வந்தால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு ஓட வேண்டும், வீட்டுக்குள்ளே நுழையும் வரை நிற்கக்கூடாது. இதை ஒரு விளையாட்டாகவே ஒத்திகை பாருங்கள். என் மகள் இன்றைக்கும் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடிக் காட்டுவாள்.

மூன்றாம் படி: வானத்தைப் பாருங்கள்

அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பின்னால்தான் பலத்த மழை, நடு ஆண்டில் வறட்சியும் காற்றும். உங்கள் பக்கத்துக்கு எந்த மாதங்கள் நல்லது என்று பார்த்து, புதிய விளையாட்டுகளை அந்த மாதங்களில் தொடங்குங்கள். அட்டன் பக்கம் பாசி படிந்த கல்லில் ஏறப் பழக ஆனி மாதம் ஏற்றதல்ல.

தூறலுக்கும் மூடுபனிக்கும் பயந்து பூட்டி வைக்க வேண்டாம். நனைந்த பிள்ளைக்குத் துவாயும் சூடான தேத்தண்ணியும் போதும். ஆனால் ஆறு வேறு விஷயம். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேல் மலையில் கொட்டிய மழை ஓடையை நிமிடத்தில் பெருக்கிவிடும். தண்ணீர் நிறம் மாறிக் கலங்கினால், குப்பையும் இலையும் கூடி வந்தால், உடனே கரையேற வேண்டும். இதைப் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லாமல், ஓடைக் கரையில் நிற்க வைத்தே காட்டுங்கள்.

மண்சரிவைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை வேளையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தாலே சரிவில் விளையாட்டு இல்லை. செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊறும் சேற்றுத் தண்ணீர் ஆகியவற்றை முதலில் பார்ப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். கண்டால் வந்து சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் “சும்மா இரு” என்று விரட்டாமல் போய்ப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நான்காம் படி: விளையாட்டைத் திறந்து விடுங்கள்

ஏறுவதில் தொடங்கலாம். மரங்களில் கொய்யாதான் நல்ல வாத்தியார். கிளை வளையும், சட்டென்று முறியாது. சவுக்கும் பட்டர்புரூட்டும் அப்படியல்ல, பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் சொல்லாமல் ஒடியும். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிள்ளையைத் தூக்கிக் கிளையில் உட்கார வைக்கக்கூடாது. தானாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கத் தெரியும். நாம் தூக்கி வைத்த உயரம் அதன் உயரமல்ல. கீழே விழும் இடத்தைப் பாருங்கள், மேலே பார்ப்பதைவிட அது முக்கியம். சருகும் மண்ணும் என்றால் சரி. சீமெந்துக் கானோ கல் கட்டோ என்றால் வேறு மரம் தேடுங்கள். ஐரோப்பிய விளையாட்டுத் திடல்களுக்கான தரநிலை, அடிபடாத தரை போட்டிருந்தாலும் மூன்று மீட்டருக்கு மேல் விழும் உயரத்தை அனுமதிப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கு அதன் தலைக்கு மேல் ஒரு முழம் வரை என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

சறுக்குவதற்குப் பைன் காடு இருந்தால் அதிர்ஷ்டம். காய்ந்த ஊசியிலையில் உரச்சாக்கையோ அட்டைப் பெட்டியையோ போட்டு உட்கார்ந்தால் எண்ணெய் தடவிய மாதிரி போகும். இங்கே சரிவின் செங்குத்தைவிட முடிவைப் பாருங்கள். கீழே சமதரையோ மேடோ இருந்து தானாக வேகம் குறைய வேண்டும். முடிவில் மரம், பாறை, ரோடு என்றால் அந்தச் சரிவு வேண்டாம். தலை முன்னால் போகக்கூடாது. பெயாரிங் வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது. பெரட்டுக் களமோ (காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் இடம்) கோயில் முற்றமோ இருந்தால் அங்கே ஓட்டட்டும்.

கட்டிப் புரள்வதைச் சண்டை என்று நினைத்து ஓடிப் போகாதீர்கள். முகத்தைப் பாருங்கள். சிரிப்பு இருக்கிறதா, மேலே இருந்தவன் கீழேயும் வருகிறானா, விட்டதும் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறார்களா? அப்படியென்றால் விளையாட்டு. ஒருவன் மட்டும் எப்போதும் கீழே என்றால் போய்ப் பிரியுங்கள்.

கத்திக்கு ஐந்து வயதில் உருளைக்கிழங்கு போதும். பக்கத்தில் உட்கார்ந்து, உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவக் கற்றுக்கொடுங்கள். மொட்டைக் கத்தியைக் கொடுக்காதீர்கள், அழுத்தித் தள்ளும்போதுதான் வழுக்கி விரலில் ஏறும். நெருப்பு வீட்டு அடுப்போடு நிற்கட்டும். ஊவா மாகாணத்தில் காய்ந்த புல் மலையில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்று தெரியும்தானே.

ஒளிந்து விளையாடும்போது எல்லை சொல்லுங்கள், ஆனால் “ரொம்பத் தூரம் போகாதே” என்று சொல்லாதீர்கள். அது எல்லையே அல்ல. “மேல் கான் வரை, இந்தப் பக்கம் தண்ணிப் பீலி வரை” என்று கை நீட்டிக் காட்டுங்கள். ஐந்தரைக்கு வீடு. சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டம் என்றால் இன்னும் முன்னால்.

ஐந்தாம் படி: வாயைக் கவனியுங்கள்

“பாத்து!” என்று கத்தினால் பிள்ளை எதைப் பார்க்கும்? உங்களைத்தான் திரும்பிப் பார்க்கும், அந்த நொடியில்தான் கால் வழுக்கும். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் பெரும்பாலும் பிள்ளை தன் வழியைக் கண்டுபிடித்திருக்கும். பேசியே ஆக வேண்டும் என்றால் கேள்வியாகப் பேசுங்கள். “அடுத்த கால எங்க வைக்கப் போற?” “அந்தக் கிளை ஆடுதா?” “எறங்கும்போது எந்தப் பக்கம்?”

மறுபக்கமும் உண்டு. ஏற விரும்பாத பிள்ளையை “பயந்தாங்கொள்ளி” என்று கிண்டல் செய்து ஏற்றாதீர்கள். தானே தேர்ந்தெடுத்த பயம்தான் வேலை செய்யும். தள்ளிவிட்டு வந்த பயம் பயமாகவே இருந்துவிடும்.

பொம்பளப் பிள்ளை விஷயம்

இதைப் படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பாதிப் பிள்ளைகளுக்குப் பயன்படாது. எட்டு வயது அண்ணன் பாறையில் ஏறினால் “கெட்டிக்காரன்”. ஏழு வயது தங்கச்சி ஏறினால் “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?” அதோடு தம்பியை இடுப்பில் தூக்கும் வேலையும் அவளுக்குத்தான். கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் காலம் முழுவதும் ஏறி இறங்கிய பெண்கள்தான் பேத்தியிடம் இதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. என் அம்மாவிடம் கேட்டேன். “நாங்க பட்டது போதும்னுதான்” என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. நடைமுறையில் செய்யக்கூடியது: பாவாடைக்கு அடியில் ஒரு காற்சட்டை, காலில் பிடிப்புள்ள சப்பாத்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தம்பியை வேறு யாராவது பார்ப்பது.

ஆறாம் படி: பார்க்க ஆள் வேண்டும்

காலை ஏழரைக்கே மலைக்குப் போகும் அம்மாவிடம் “பிள்ளையைக் கூட இருந்து கவனியுங்கள்” என்று எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. சின்னதுகள் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) இருக்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். எங்கள் லயத்தில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஞாயிறு மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை முறை வைத்து ஒரு பெரியவர் வெளியே உட்காருவார். கூடவே திரிய வேண்டியதில்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும். கையில் ஒரு விசில். ஒரு ஊதல் என்றால் குரல் கொடுக்க வேண்டும், மூன்று ஊதல் என்றால் எல்லாரும் ஓடி வர வேண்டும். பெரிய பிள்ளைகளோடு சின்னதுகளையும் கலந்து விடுங்கள். எட்டு வயதுக்காரி ஐந்து வயதுக்காரனுக்குக் கொடுக்கும் பாடத்தை நம்மால் கொடுக்க முடியாது.

ஏழாம் படி: விழுந்தால்

சிராய்ப்பைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எல்லாம் போட்டிருக்கிறதா என்று கிளினிக் புத்தகத்தைப் பாருங்கள். ஐந்து வயதில் ஒன்று உண்டு, தரம் 7இல் பாடசாலையிலும் போடுவார்கள். சந்தேகம் என்றால் மிட்வைப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

அட்டை கடித்தால் அலற வேண்டாம். நகத்தால் அதன் வாயை மெல்ல நெம்பி எடுத்து விடுங்கள், கழுவுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அது இயல்புதான்.

கை கால் கோணலாகத் தெரிந்தாலோ, ஊன்ற முடியாமல் போனாலோ அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டி ஒஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், பேச்சுக் குழறினால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால், விழுந்தபோது சற்று நேரமாவது நினைவு தப்பியிருந்தால் தாமதிக்கவே கூடாது. பல குளவிகள் கொட்டியிருந்தாலும், ஒன்றே ஒன்று கொட்டி முகம் வீங்கி மூச்சு இழுத்தாலும் அதேதான். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு ரோடு இல்லாவிட்டால் எந்தச் சந்திக்கு வர வேண்டும் என்று இப்போதே தீர்மானித்து, அந்த இடத்தின் பெயரையும் டிவிஷன் பெயரையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் அது வாயில் வராது. எங்கள் வீட்டில் அதை மகள்தான் எழுதினாள். “ழ” தலைகீழாக இருக்கிறது, ஆனால் வாசிக்கலாம்.